இத விட்டுடுங்க

பதினோரு மணி இரண்டு நிமிடத்துக்குப் பில்டை, திருத்திய ஆப்பைக் கணினி கட்டித் தரும் வேலையை, ஓடவிட்டேன், முடிய முப்பத்தெட்டு நிமிடம் ஆகும், அதுவரை எனக்கு ஒரு வேலையும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், தப்பு செய்தவர்களுக்கு இப்படித்தான் ஓய்வு கிடைக்கும்போல. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் சரசரவென்று மேலே ஏறிப் போகின்றன, ஒன்றையும் படிக்க முடியாது, ஆனாலும் கண் நகரமாட்டேன் என்கிறது. ஏசி காற்று நேராகப் பிடரியில் இறங்குகிறது, துப்பட்டாவை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன், அப்போதும் குளிர்கிறது. பெருங்குடி, நான்காவது மாடி, வெள்ளிக்கிழமை, எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறது, பக்கத்து வரிசையில் யாரோ முறுக்கு கடிக்கும் சத்தம்கூட வழக்கமான சத்தம்தான். காலையில் வந்து பையை மேசையில் வைப்பதற்குள் கஸ்டமர் சப்போர்ட்டிலிருந்து ஒரு மெயிலை என் பக்கம் தள்ளியிருந்தார்கள். ஆவடியிலிருந்து ஏகாம்பரம் என்ற பெரியவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவராம், தனியாக இருக்கிறாராம், சுத்தமான தமிழில் எழுதியிருந்தார். மதிப்பிற்குரிய ஐயா, நேற்று மதியம் சோறு எடுத்து வைக்கும்போது கை நடுங்கிக் கீழே விழுந்துவிட்டேன், பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார், போன் மேசைமேல் என் கண்ணெதிரேதான் இருந்தது, ஒரு சத்தமும் போடவில்லை, பிறகு நான் அதைக் கையில் எடுத்துத் திறந்ததும்தான் அலாரம் அடித்தது, தயவுசெய்து கவனிக்கவும். தயவுசெய்து கவனிக்கவும் என்கிறார். விழுந்த மனிதர் தயவு கேட்கிறார். அவருக்கு என்ன பதில் போயிற்று என்று பார்த்தேன், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, எண் இன்னது என்று இயந்திரம் தானாக அனுப்பியிருந்தது.

நாங்கள் செய்வது சர்க்கரை நோயாளிகளுக்கான ஆப். கையில் ஒட்டிக்கொள்ளும் சிறிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தத்தின் சர்க்கரையை அளந்து ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும், எழுபதுக்குக் கீழே இறங்கினால் போன் அலற வேண்டும், அவ்வளவுதான் இதன் பெருமை, மற்றதெல்லாம் அலங்காரம். புதன்கிழமை நான் வெளியிட்ட புது வெர்ஷனில் அது அலறவில்லை. ஐபோன்களில் மட்டும். அதுவும் போன் பூட்டிக் கிடக்கும்போது மட்டும். இன்று காலைவரை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த வெர்ஷனுக்கு மாறியிருக்கிறார்கள், நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பூட்டிய போன்கள், பைகளிலும் சட்டைப் பாக்கெட்டுகளிலும் தலையணைக்குப் பக்கத்திலும். நான் சோதித்துப் பார்த்தேனே, பார்க்காமலா விட்டேன், ஒரு வாரம் பார்த்தேன், சர்க்கரையைச் செயற்கையாக இறக்கி இறக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும், போன் என் கையில் இருந்தது, நான் அதை முறைத்துக்கொண்டிருந்தேன், முறைத்துப் பார்க்கிற போன் எப்படித் தூங்கும். மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு அரை மணி நேரம் டீ குடிக்கப் போயிருந்தால் தெரிந்திருக்கும். அந்த வாரம் முழுக்க நான் டீ குடிக்கப் போகவில்லை, அவ்வளவு சின்சியராக இருந்தேன்.

ஒருமுறை எழுதினால் போதும், இரண்டு வகைப் போனிலும் ஓடும் என்று சொல்லித்தான் இந்த வழிக்கு எல்லோரையும் இழுக்கிறார்கள், நானும் அதையே எத்தனை மீட்டிங்கில் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். பட்டன், நிறம், பக்கம், எழுத்து எல்லாம் ஒருமுறைதான், உண்மை. ஆனால் போனின் உடம்பைத் தொடுகிற எதுவும், கேமரா, ப்ளூடூத், தூக்கத்திலிருந்து எழுப்புவது, இதெல்லாம் அந்தந்தப் போனின் சொந்த மொழியில் யாரோ ஆயத்தமாக எழுதி வைத்த நிரலை, நேட்டிவ் லைப்ரரியைக் கொண்டுதான் நடக்கும். யாரோ என்றால் யாரோதான், முகம் தெரியாது, ஊர் தெரியாது, பதில் எழுதுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருக்கும், அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட நமக்குத் தெரியாது, ஆனால் அவர் எழுதியதன்மேல் நாம் நாலாயிரம் பேரை உட்கார வைத்திருப்போம். அந்த லைப்ரரிக்கு இன்னொன்று வேண்டும், அதற்கு வேறொன்று வேண்டும், எல்லாவற்றுக்கும் இன்ன வெர்ஷன்தான் வேண்டும் என்ற பிடிவாதம் வேறு, கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் மாதிரி ஒருத்தரை உட்காரவைத்தால் இன்னொருத்தர் எழுந்துவிடுவார். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டரோடு வீடியோவில் பேசும் வசதியைச் சேர்த்தோம். அதன் லைப்ரரிக்கு உள்ளே ஒரு புது வெர்ஷன் வேண்டியிருந்தது, ப்ளூடூத் லைப்ரரிக்கு அதே சாமானின் பழைய வெர்ஷன் வேண்டியிருந்தது. சிவப்பு வரிகள். ஐந்து நாள் பில்டு தோற்றுத் தோற்றுச் சிவப்பு வரிகள். ஆறாவது நாள், எந்த லைப்ரரி எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் டிபென்டென்ஸி பட்டியலில் அந்த ஒரு வரியைப் பார்த்தேன். ப்ளூடூத் லைப்ரரியைப் பொது இடத்திலிருந்து எடுக்காமல் எங்கள் கம்பெனிக்குள் திருத்தி வைத்த ஒரு பிரதியிலிருந்து எடு என்று சொல்லும் வரி. அதற்கு மேலே, ஆங்கில எழுத்தில், தமிழில், ஒரு குறிப்பு. இத விட்டுடுங்க. கோதண்டம். முன்பு எங்கள் டீமில் இருந்தவர்.

எடுத்துவிட்டேன். வரியை எடுத்ததும் எல்லாம் பச்சை. இத விட்டுடுங்க என்றால் இது வேண்டாம், இதைத் தள்ளிவிடுங்கள் என்றுதானே. அம்மா போனில் சொல்வாள், நேத்து ராத்திரி மாத்திரைய விட்டுட்டேன் பியூலா என்று, விட்டுட்டேன் என்றால் போடவில்லை. டிக்டேஷனில் இரண்டு வார்த்தை விட்டுப்போச்சு டீச்சர் என்று நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் அழுதிருக்கிறேன், விட்டுப்போச்சு என்றால் இல்லை. அப்படித்தான் அர்த்தம். ஆனால் குழந்தையைக் கிள்ளுகிறவனிடம் அதை விட்டுடு என்றால் தொடாதே என்று அர்த்தம். செடியை விட்டுடு என்றால் பிடுங்காதே. அவனை விட்டுடு என்றால் அடிக்காதே. மூச்சு விடு, லீவு விடு, கதை விடாதே, ரிலீஸ் விட்டாச்சா என்று என் மேனேஜர் சதானந்த் கேட்கிறான், விட்டாச்சு சதா, புதன்கிழமையே விட்டாச்சு. சனியன் பிடித்த ஒரு வார்த்தையில் எத்தனை வார்த்தை. காலையில் ஏகாம்பரத்தின் மெயிலைப் படித்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, பட்டியலைத் திறக்காமலே, அந்த வரிதான் என்று. கோதண்டம் திருத்தி வைத்த பிரதியைத் திறந்து பார்த்தேன், நாற்பது வரிதான் மாற்றியிருக்கிறார், போன் பூட்டியிருக்கும்போது சென்சார் கதவைத் தட்டினால் ஆப்பை எழுப்பிவிடும் நாற்பது வரி. பொது லைப்ரரியில் அது கிடையாது. தொடாதீங்க என்று எழுதியிருக்கலாமே மனிதர். ஏன் தொடாதீங்க என்று எழுதவில்லை. ஏன் காரணம் எழுதவில்லை. சரி, நீ ஏன் கேட்கவில்லை பியூலா. ஒரு போன், ஒரு நிமிடம், சார் இந்த வரிக்கு என்ன அர்த்தம், அவ்வளவுதானே. அவர் நம்பர் உன் போனில் இல்லையா.

பதினொன்று பதினொன்று. இருபத்து நான்கு சதவீதம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும், யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஆடி மாதத்தில் சதானந்த் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு டீமிலும் ஒருத்தரைக் குறைக்கிறார்கள், உன் டீமில் யார் என்று நீயே சொல் என்றான். ஒரு பேப்பர் கொடுத்தான், ஐந்து கட்டம், ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு எத்தனை. எங்கள் ஐந்து பேரில் கோதண்டம்தான் மூத்தவர், செய்யாறு பக்கத்து ஊர், நாற்பத்தைந்து வயது, சின்னக் கம்பெனியில் இருந்து வந்தவர், என்னைவிட எட்டு வயது பெரியவர் என்னை மேடம் என்பார், வேண்டாம் சார் என்று பத்துத் தடவை சொல்லியும் மேடம்தான். ப்ளூடூத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மீட்டிங்கில் வாயைத் திறக்கமாட்டார், திறந்தால் ஆங்கிலம் உடைந்து உடைந்து வரும், வெளிநாட்டு ஆட்கள் லைனில் இருக்கும்போது எனக்குக் காது சுடும். அந்தக் கூச்சத்தில்தான் கோடுக்குள் குறிப்பெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதுவார். சதானந்த் ஒருமுறை எல்லோர் முன்னாலும் இது என்ன லவ் லெட்டரா என்று கேட்டான், எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். தொழில் அறிவு ஐந்துக்கு ஐந்து போட்டேன். உழைப்பு ஐந்து. கம்யூனிகேஷன் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு இரண்டு போட்டேன். அந்த இரண்டுதான் அவரை வெளியே அனுப்பியது. பொய்யில்லை, அவருக்கு அது வராதுதான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நியாயமான மதிப்பெண்தான் என்று எத்தனை பஸ் பயணத்தில் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது அவர் எழுதிய இரண்டே வார்த்தையை எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அந்தக் கட்டத்தில் எனக்கு யார் எத்தனை போடுவது.

கடைசி நாள் அவர் அட்டைப்பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். பெட்டியில் ஒரு தண்ணி பாட்டில், ஒரு சின்ன முருகர் படம், மகள் கிரேயானில் வரைந்த ஏதோ ஒன்று. மேடம், அந்த ப்ளூடூத் விஷயம் மட்டும் ஒரு பத்து நிமிஷம் சொல்லிட்டுப் போறேன் என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன், பெட்டியின் மூலையில் ஒட்டிய பிரவுன் டேப் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மீட்டிங் கால் இருக்கு சார், நோட்ஸ்ல போட்டுடுங்க, நான் பாத்துக்கறேன் என்றேன். கால் எதுவும் இல்லை. சும்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயை அசைத்தேன். அவர் கொஞ்சம் நின்றுவிட்டு, சரிங்க மேடம் என்று தன் இடத்துக்குப் போய் மறுபடி உட்கார்ந்து எதையோ தட்டினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த வரியை எடுக்கும்போது அதன் தேதியைப் பார்த்தேன், பார்க்காமல் எப்படி இருக்கும், பக்கத்திலேயே போட்டிருக்கும், அதே நாள், மாலை நாலு ஐம்பத்திரண்டு. நான் பொய் கால் பேசிக்கொண்டிருந்த நேரம். தேதியைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டு வரியை வேகமாக அழித்தேன். அப்படியென்றால், அப்படியென்றால் அது வேண்டாத வரி என்று நினைத்து அழித்தேனா, அவர் பெயர் அங்கே இருக்கக்கூடாது என்று அழித்தேனா. வேண்டாம். இதை இதோடு நிறுத்திக்கொள். முப்பத்தொன்று சதவீதம்.

தண்ணீர் குடிக்க எழுந்தேன், குடிக்காமலே ஜன்னல் பக்கம் போய் நின்றேன், கீழே கால்வாய்த் தண்ணீர் கறுப்பாகக் கிடக்கிறது, அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது. இது கோதண்டம் நிற்கும் இடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினொன்று நாற்பதுக்குச் சரியாக எழுந்து இங்கே வந்து போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார், முதலில் எனக்கு எரிச்சல், பிறகுதான் சொன்னார். மகள் நிறைமதிக்குப் பதினொரு வயது, ஆறு வயதிலிருந்து இந்தச் சர்க்கரை, அவளுக்கு வெள்ளிக்கிழமை நாலாவது பீரியட் பி.டி. ஓடுவாள், சொன்னால் கேட்கமாட்டாள், ஓடினால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். ஸ்கூலில் டாக்டர் கடிதம் கொடுத்துப் போனுக்கு அனுமதி வாங்கியிருந்தார், மூலையில் கீறல் விழுந்த பழைய ஐபோன், அவளுக்காகவே அவர் தேடி வாங்கியது. மைதானத்துச் சுவரோரம் அவள் பை இருக்கும், பைக்குள் பூட்டிய போன் இருக்கும், அலாரம் அடித்தால் பி.டி. சார் குளுக்கோஸ் பொட்டலத்தோடு ஓடி வருவார், அதுதான் ஏற்பாடு. பூட்டிய போன். பைக்குள். ஐபோன். அந்த நாற்பது வரியை அவர் யாருக்காக எழுதினார் என்று நான் ஏன் ஒருமுறையாவது யோசிக்கவில்லை. மணி பதினொன்று பதினெட்டு. இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் இருபத்திரண்டு நிமிடத்தில் அந்தக் குழந்தை ஓடப்போகிறாள், நான் அவள் அலாரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறேன்.

பில்டு முடியட்டும், உடனே கூப்பிடலாம். சரி செய்துவிட்டேன் சார் என்று சொல்லிக் கூப்பிட்டால் குரல் நிமிர்ந்து வரும். ஆனால் பில்டு முடிந்தால் என்ன ஆகும், ஆப் ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் பரிசீலித்து வெளியே விட அரை நாளோ ஒரு நாளோ, அதற்குள் எத்தனை பி.டி. பீரியட். இந்தச் சதவீதத்துக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரிகிறது, தெரிந்தும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து சதவீதத்தைத்தான் பார்க்கிறேன், நாற்பத்தேழு, நாற்பத்தேழு, நகரமாட்டேன் என்கிறது. காலையில் சதானந்த் தெளிவாகச் சொன்னான், "ஃபர்ஸ்ட் ஃபிக்ஸ் பண்ணு பியூலா. ஸ்டோர்ல ஏறினதுக்கு அப்புறம் அப்டேட் பண்ணுங்கன்னு பொதுவா ஒரு மெசேஜ் விடலாம். இப்பவே வெளிய சொன்னா பேனிக் ஆயிடும், யாருக்கும் சொல்லாத." நான் சரி என்றேன். எனக்கும் அது வசதியாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும், அவன் சொன்னதால் மட்டும் சரி என்று சொல்லவில்லை. யாருக்கும் சொல்லாதே என்று ஒருத்தர் சொல்லும்போது எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது. போனைக் கையில் எடுத்து கோ என்று அடித்தேன், முதல் பெயராக வந்து நின்றது, கோதண்டம் ப்ளூடூத், இப்படித்தான் அவரைப் பதிந்து வைத்திருக்கிறேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது. நல்லா இருக்கீங்களா என்றா. வேலை கிடைத்ததா என்று கேட்கலாமா, கேட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவாரோ. அவருக்கு அந்த இரண்டு மார்க் தெரியுமா. யார் போட்டது என்று தெரியுமா. தெரிந்தால் எடுக்கவே மாட்டார், எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நினைத்தேன், என் மனசு அவ்வளவு கேவலமாக இருக்கிறது. பதினொன்று இருபத்தைந்து. அவள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பாள். இல்லை, இன்னும் மூன்றாவது பீரியட் முடிந்திருக்காது. ஐம்பத்திரண்டு சதவீதம். அப்பாவுக்கும் சர்க்கரை எண் போகுமே, அவர் போனிலும் தெரியுமே என்று ஒரு சமாதானம் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன், உடனே கை நழுவியது, அவள் போன் தூங்கினால் அவருக்கு எங்கிருந்து எண் போகும், கடைசியாக வந்த நல்ல எண்ணே திரையில் நின்றுகொண்டிருக்கும், நூற்று நாற்பது, நூற்று நாற்பது, அவர் அதைப் பார்த்து நிம்மதியாக இருப்பார். பச்சைப் பட்டனை எப்போது தொட்டேன் என்று தெரியவில்லை, மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மேடம்." பின்னால் மிக்ஸி ஓடியது. என் நம்பரை அவர் அழிக்கவில்லை. "சார், பாப்பா ஸ்கூல்ல இருக்காளா?" "இருக்கா. ஏன் மேடம்?" "பி.டி.க்கு அனுப்ப வேணாம் சார், ஸ்கூலுக்கு உடனே போன் பண்ணுங்க. போன் லாக்ல இருந்தா அலாரம் அடிக்காது. புதன்கிழமை ரிலீஸ்ல நான் ஒரு லைன எடுத்துட்டேன்." மிக்ஸி நின்றது. "எந்த லைன்?" "நீங்க எழுதி வச்சிருந்தீங்களே சார், இத விட்டுடுங்கன்னு." "ஆமா, விட்டுடுங்கன்னுதான எழுதுனேன். அத எதுக்கு எடுத்தீங்க?" "எடுத்துடுங்கன்னு புரிஞ்சுகிட்டேன் சார்." கோபமாகத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "எடுக்கணும்னா எடுத்துடுங்கன்னு எழுத மாட்டேனா மேடம்" என்றார், நிஜமாகவே புரியாமல் கேட்டார், அவருக்கு அந்த வார்த்தையில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்திருக்கிறது, என்னுடைய அர்த்தம் அவருக்குத் தோன்றவே இல்லை. "சார், மணியாகுது, ஸ்கூலுக்கு..." "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது மேடம். அவ போன்ல பழைய வெர்ஷன்தான் இருக்கு. ஆபீஸ விட்டு வந்த அன்னைக்கே அப்டேட்ட நிறுத்திட்டேன்." மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அப்பாடா என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது, அதற்குப் பிறகுதான் அவர் சொன்னதன் மறுபாதி வந்து உறைத்தது, நான் பாத்துக்கறேன் என்று சொன்னேனே, அதை அவர் அன்றைக்கே நம்பவில்லை, மகளைக் காப்பாற்றிக்கொண்டுதான் வெளியே போயிருக்கிறார். "மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றார். "இல்ல சார். பில்டு ஓடிட்டிருக்கு." "ஓடட்டும். சொல்லிட்டீங்களா?" "இல்ல." "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு மேடம் போன் பண்ணீங்க?" "பாப்பா..." "பாப்பாவ விடுங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

பாப்பாவை விடுங்க. இதற்கு அர்த்தம் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் போனுக்கும் அவசரச் செய்தி அனுப்பும் பக்கத்தைத் திறந்தேன், அது சர்வரிலிருந்து போவது, தூங்குகிற போனையும் தட்டும், எனக்கு அதைத் திறக்க உரிமை உண்டு, காலை ஒன்பதரைக்கு அந்த மெயிலைப் படித்தபோதே உண்டு. சிறு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று அடித்தேன். அழித்தேன். கோளாறு சிறிதில்லை, காரணம் நான். சில பயனர்களுக்கு என்று அடித்தேன், படிக்கிறவர் தான் அந்தச் சிலரில் இல்லை என்று நினைத்துக்கொள்வார், அதையும் அழித்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இதை ஆவடியில் ஒருத்தர் தனியாகப் படித்தால் வேறு விதமாகப் புரிந்துகொள்வாரா, இதற்கு இரண்டு அர்த்தம் வருமா. வேலையில் சேர்ந்த பதினான்கு வருடத்தில் ஒரு வாக்கியத்தை இப்படி நான் பார்த்ததில்லை. உங்கள் போன் பூட்டியிருந்தால் சர்க்கரை அலாரம் அடிக்காது. போனை நம்பாதீர்கள். இப்போதே விரலில் குத்தி அளந்து பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருங்கள். தவறு எங்களுடையது. எங்களுடையது என்பதில் கொஞ்சம் ஒளிந்துகொண்டேன், தெரிகிறது. அனுப்பவா என்று பெட்டி கேட்டது. சதானந்தின் கண்ணாடி அறையைப் பார்த்தேன், யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அனுப்பினேன். மணி பதினொன்று முப்பத்து மூன்று.

அனுப்பியது நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, திறந்தது பூஜ்யம். பிறகு மூன்று. நாற்பது. முந்நூறு. எண்கள் ஏறும்போது எனக்குள்ளும் ஏதோ ஏறியது, ஆயிரம், இரண்டாயிரத்து எண்ணூறு, எங்கெங்கோ ஆட்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டுப் போனைத் திறக்கிறார்கள், சிலர் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும், திட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டும். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் பிறகு மெதுவாகிவிட்டது. நாலாயிரத்து எழுபது. நாலாயிரத்து எண்பத்தாறு. அங்கே நின்றுவிட்டது. இருபத்தாறு பேர் திறக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம், போனை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கலாம், எல்லாம் இருக்கலாம். மேசையில் என் போன் துடித்தது, சதானந்த், எடுக்கவில்லை. இருபத்தாறு பேரின் பட்டியலைத் திறந்தேன், வயது வரிசையில் மூத்தவர் முதலில் வந்தார். ஏகாம்பரம், எழுபத்து மூன்று, ஆவடி.

தயவுசெய்து கவனிக்கவும் என்றாரே. நம்பரை அடித்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. முழுவதும் அடித்து அறுந்துவிட்டது. மறுபடி அடித்தேன், மூன்றாவது மணியில் ஒரு பெண் குரல், "யாருங்க?" பெயரைச் சொன்னேன், ஆப் கம்பெனியிலிருந்து என்றேன், ஏகாம்பரம் சார் இருக்கிறாரா என்றேன். "நான் பக்கத்து வூடுங்க. நேத்து வுழுந்தாரு இல்ல, அதான் அப்பப்ப வந்து பாத்துக்கறேன். காலைல ஊசி போட்டுகினு ஒரே ஒரு இட்லி துன்னுட்டுப் படுத்தாரு, அசந்து தூங்கறாரு. போன் அடிக்கிறது கூடத் தெரியல பாருங்க. பாவம், நேத்தெல்லாம் தூக்கமே இல்ல. ஏங்க, எழுப்பணுமா, இல்ல விட்டுடட்டுமா?"

"விட்டுடாதீங்க" என்று கத்தினேன், முறுக்குச் சத்தம் நின்றது, நாலாவது மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எழுப்புங்கம்மா, ஊசி போட்டுட்டு ஒரே இட்லின்னா சர்க்கரை எறங்கியிருக்கும், அது மயக்கமா இருக்கலாம். இப்பவே எழுப்புங்க. கன்னத்துல தட்டி எழுப்புங்க. எழுந்திரிக்கலன்னா நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க, லைன்ல நான் இருக்கேன்." அந்தம்மா போனை எங்கேயோ வைத்த சத்தம் கேட்டது. செருப்புக் காலடி உள்ளே போனது. ஐயா, ஐயா என்று தூரத்தில் கூப்பிடுகிறாள், பெரியவரே எழுந்திருங்க என்கிறாள், குரல் ஏறுகிறது. திரையில் பில்டு வெற்றிகரமாக முடிந்தது என்று பச்சையாக வந்து நிற்கிறது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் குரல் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.